பெட்டியிலேயே இருக்கட்டுமா, பேலட்டுக்கு மாற்றலாமா?

கண் இமைக்குப் பூசும் ஐஷேடோ டப்பா ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் வண்ணம் பெரும்பாலும் 1.5 கிராம் அளவில்தான் இருக்கும். அதைச் சுமக்க அடிப்பாகம், உள்கூடு, கீல், மூடி என்று இத்தனை பிளாஸ்டிக். சில டப்பாக்களில் கண்ணாடியும் உண்டு. இப்படி முப்பது டப்பாக்கள் சேர்ந்துவிட்டால் ஒப்பனை வேலைக்குக் கிளம்பும்போது தோளில் தொங்கும் பாரம் வண்ணத்தின் பாரம் அல்ல. ஒவ்வொன்றாகத் திறந்து, நிறம் பார்த்து, மூடி வைப்பதற்குள் எதிரே கண்மூடி உட்கார்ந்திருப்பவருக்குக் கழுத்து வலிக்கத் தொடங்கிவிடும்.

அழுத்திய தூள்களையும் கிரீம்களையும் பழைய டப்பாவிலிருந்து பெயர்த்து ஒரே பேலட்டில், அதாவது பல நிறங்களைச் சேர்த்து வைக்கும் தட்டையான பெட்டியில், அடுக்கும் வழக்கம் இதனால்தான் வந்தது. பல ஆண்டுகளாக நானும் செய்துவருகிறேன். தூள்களில் பெரும்பாலானவற்றைத் தயங்காமல் மாற்றலாம் என்பேன். கிரீம்களில் பலவற்றைத் தொடவே கூடாது என்பேன். தூளுக்கு அதன் டப்பா வெறும் உறை. கிரீம்களில் பலவற்றுக்கோ, காற்றுப் புகாமல் இறுகும் அந்த மூடிதான் உள்ளே இருப்பதை உயிரோடு வைத்திருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டவர்கள், ஒரு மாதம் கழித்துக் காய்ந்து வெடித்த கிரீமைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள்.

முதலில், மாற்றுவதால் உண்மையில் எவ்வளவு இடம் மிச்சமாகிறது என்று பார்த்துவிடலாம். தனி ஐஷேடோக்களில் தூளை ஏந்தியிருக்கும் மெல்லிய உலோகத் தட்டுகளில் மிகவும் புழங்கும் வட்டத் தட்டின் விட்டம் 26 மில்லிமீட்டர். உள்ளளவு 19 சென்டிமீட்டர் நீளமும் 11 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பேலட்டில் வரிசைக்கு ஏழாக நான்கு வரிசை, ஆக 28 தட்டுகள் அடங்கும். அதே 28 நிறங்களும் நான்கு சென்டிமீட்டர் டப்பாக்களில் இருந்தால் 28 சென்டிமீட்டர் நீளமும் 16 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பரப்பு வேண்டும். பரப்பிலேயே இருமடங்குக்கு மேல். டப்பாவின் உயரத்தையும் சேர்த்தால் வேறுபாடு இன்னும் கூடும். ஆனால் உங்களிடம் இருப்பது ஆறேழு பொருள்கள்தான் என்றால் இந்தக் கணக்கில் உங்களுக்கு லாபம் இல்லை. அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். டப்பாவின் கண்ணாடியைப் பார்த்துத்தான் தினமும் பூசிக்கொள்கிறீர்கள் என்றாலும், பின்னால் யாருக்காவது கொடுக்கும் எண்ணம் இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். ஒருமுறை பெயர்த்த பொருளை மீண்டும் அதன் டப்பாவில் ஒழுங்காகப் பொருத்த முடிவதில்லை.

பெயர்க்கும் வேலையே இல்லாத வழியும் ஒன்று உண்டு. சில நிறுவனங்கள் தட்டை மட்டும் தனியாக விற்கின்றன. மேக் என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனம் தன் ஐஷேடோக்களை டப்பாவோடும் விற்றது, பேலட்டில் வைக்கும் வெறும் தட்டாகவும் விற்றது. போலந்து நாட்டின் இங்லாட் நிறுவனம் சதுரத் தட்டுகளையும் அவை கச்சிதமாகப் பொருந்தும் காந்தப் பேலட்டுகளையும் சேர்த்தே வடிவமைத்திருக்கிறது. இனிமேல் வாங்கப்போகும் நிறங்களுக்கு இதுவே நல்ல வழி. டப்பாவுக்கான விலையும் மிச்சம், தட்டு உடையும் ஆபத்தும் இல்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவற்றைப் பற்றித்தான் இனி பேச வேண்டும்.

தூள்: ஆல்கஹாலா, சூடா, நெம்புகோலா?

அழுத்திய தூள் ஒரு மெல்லிய உலோகத் தட்டில் இருக்கும். அந்தத் தட்டு டப்பாவின் அடியில் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே நாம் உண்மையில் போராடுவது அந்தப் பசையோடு. பசையைக் கரைக்கலாம், இளக்கலாம், அல்லது வலுக்கட்டாயமாகப் பிய்க்கலாம்.

கரைப்பதைத்தான் நான் முதலில் முயல்வேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பல வகைப் பசைகளைத் தளர்த்தும். 70 சதவீதமும் போதும். ஆனால் பசைக்கு 91 அல்லது 99 சதவீதம் விரைவாக வேலை செய்கிறது. முதலில் டப்பாவைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். சில டப்பாக்களில் பெயர்ச்சீட்டுக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். சீட்டின் மேல் விரலை ஓட்டினால் ஓரிடத்தில் குழிவாக உணரலாம். அந்தத் துளை இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சொட்டுக்குழாயால் துளை வழியாக ஐந்தாறு சொட்டுகள் விட்டு, டப்பாவைக் கவிழ்த்தபடியே மெல்லிய துணியின் மேல் பத்து நிமிடம் வைத்துவிடுங்கள். பிறகு நிமிர்த்தி, மழுங்கிய ஊசியைத் துளைக்குள் விட்டு மெதுவாக மேல்நோக்கித் தள்ளுங்கள். முதலில் எதுவும் அசையாது. விரலில் ஒரு சின்ன நெகிழ்வு தெரியும். தட்டின் ஒரு விளிம்பு மயிரிழை உயரும். அடியில் பசை நூல் நூலாக இழுபடுவது தெரியும். அப்போது அவசரப்படக் கூடாது. இன்னும் இரண்டு சொட்டு விட்டு ஒரு நிமிடம் பொறுத்தால் அந்த நூல்கள் தாமாகவே அறுந்து தட்டு கையோடு வந்துவிடும். துளை இல்லாத டப்பாவில் தட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையிலுள்ள ஓரத்தில் சுற்றிலும் சொட்டு விட வேண்டும். அதில் கொஞ்சம் தூளின் மேலும் ஊறும். அப்படி ஊறினால் கலங்க வேண்டாம். விரலால் தொடாமல் திறந்து வைத்தால் ஆல்கஹால் ஆவியாகி, தூள் ஏறத்தாழ பழைய நிலைக்கு வந்துவிடும். மேலே இறுகிய ஏடு படிந்தால் ஒட்டும் நாடாவால் லேசாக ஒற்றி எடுத்துவிடலாம்.

ஆல்கஹாலின் குறை அதன் மெத்தனம். பிடிவாதமான பசைக்கு அரை மணி நேரம்கூட ஆகும். இருபது டப்பாக்கள் என்றால் ஒரு முழு நாள்.

சூடு விரைவானது. ஹேர் ஸ்ட்ரெய்ட்னரைச் சூடாக்கி, அதன் மேல் பட்டர் பேப்பர் ஒன்றை விரித்து, டப்பாவின் அடிப்பாகத்தை இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் பசை இளகிவிடும். பிளாஸ்டிக்கும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். ஒரு சிறு கத்தியின் நுனியால் தூக்கினால் தட்டு வழுக்கிக்கொண்டு மேலே வரும். கண்ணுக்கு எளிமையாகத் தெரிகிற இந்த முறையில் மூன்று ஆபத்துகள் இருக்கின்றன. ஸ்ட்ரெய்ட்னரின் வெப்பம் வழக்கமாக 150 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை போகும். டப்பாக்களுக்குப் பயன்படும் பல பிளாஸ்டிக் வகைகள் 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். ஒரு நிமிடம் கூடுதலாக வைத்தால் கருகிய நாற்றம் வரும். அந்தப் புகையை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. ஜன்னலைத் திறந்து வைத்து, மிகக் குறைந்த சூட்டில் செய்யுங்கள். இரண்டாவது, வெளியே வரும் தட்டு அடுப்பிலிருந்து இறக்கிய கரண்டி போலச் சுடும். விரல் பட்டதும் கை உதறும், தட்டு தரையில் விழும். இடுக்கியால் எடுத்துத் தட்டையான இடத்தில் ஆறவிடுங்கள். மூன்றாவது, மிகவும் மினுங்குகிற, விரலால் தொட்டால் வெண்ணெய் போல் இருக்கிற ஐஷேடோக்களில் எண்ணெயும் சிலிக்கோனும் அதிகம். அவற்றைச் சூடாக்க நான் விரும்புவதில்லை.

ஆல்கஹாலையும் சூட்டையும் ஒரே மேசையில் வைக்கவே கூடாது. ஆல்கஹாலின் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது. ஆல்கஹால் விட்டுப் பார்த்தும் வராத டப்பாவைச் சூட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் அது முழுவதும் காயட்டும், பாட்டிலும் வேறு அறைக்குப் போகட்டும். மெழுகுவர்த்திச் சுடரில் டப்பாவைக் காட்டும் பழக்கமும் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

நெம்பி எடுப்பதுதான் மிகப் பழைய வழி. எதுவும் வாங்க வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். அட்டையால் ஆன பேலட்டுகளுக்கு இது பொருந்தும். மேலுறைக் காகிதத்தின் ஓரத்தைக் கத்தியால் கீறி உரித்தால் தட்டுகள் மெல்லிய அட்டை மேல் ஒட்டியிருக்கும். அட்டையை வளைத்தாலே கழன்று வரும். ஆனால் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் நெம்பினால் விசை முழுவதும் தட்டின் ஒரே விளிம்பில் விழுகிறது. தகரம் வளையும், தூள் வளையாது. எனக்கு மிகவும் பிடித்த, ரோஜா நிறம் கலந்த ஒரு ஹைலைட்டரை, அதாவது முகத்துக்கு மினுமினுப்புத் தரும் தூளை, அப்படித்தான் இழந்தேன். விளிம்பு ஒரு மில்லிமீட்டர் வளைந்தது. அந்த இடத்திலிருந்து நடுவரை ஒரு விரிசல் ஓடியது. அடுத்த நொடி மேசையெல்லாம் மினுக்கம். பத்து நிமிடம் பொறுத்திருந்தால் இன்றும் அது என்னோடு இருந்திருக்கும்.

உடைந்தே போனாலும் தூளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. முழுவதும் நன்றாகப் பொடித்து, ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவந்து, தட்டில் நிரப்பி, தட்டையான ஒன்றைத் துணியில் சுற்றி அதன் மேல் வைத்து அழுத்தி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். தொழிற்சாலையில் அழுத்திய மென்மை திரும்ப வராது, கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும். நிறம் மட்டும் மிஞ்சும். அதனால் இதை மீட்பு வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தட்டு பெரியது, சிறிய தட்டுக்கு மாற்றலாமே என்பதற்காக நன்றாக இருக்கும் தூளைப் பொடித்து மறுபடி அழுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

சுட்டெடுத்த தூள்கள் என்று தனி வகை உண்டு. நடு மேடாக, பளிங்கு போல நிறங்கள் சுழன்று கலந்திருக்கும். ஈரக் குழம்பாக வார்த்துச் சூளையில் உலர்த்துபவை அவை. அழுத்தியவற்றைவிட எளிதில் நொறுங்கும். போதாததற்கு மேடான வடிவம் பேலட்டின் மூடியில் இடிக்கும். அவற்றை மாற்றாதீர்கள். எவ்வளவு கவனமாகப் பெயர்த்தாலும் மூடியை மூடுகிற நேரத்தில் தகராறு.

ஆக, தூளுக்கு என் வரிசை இதுதான். அடியில் துளை இருந்தால் ஆல்கஹால். துளை இல்லாவிட்டாலும் முதலில் ஆல்கஹால். அரை மணி நேரமாகியும் அசையாத தடித்த டப்பாவுக்கு மட்டும் சூடு. அட்டைப் பேலட்டுக்கு நெம்புகோல். விலை உயர்ந்ததும் இனிமேல் கிடைக்காததுமான நிறத்தை முதல் நாளில் தொடாமல், பயன்படுத்தாமல் கிடக்கும் ஏதாவது ஒன்றில் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். தட்டைச் சுற்றியுள்ள உள்கூட்டோடு சேர்த்து எடுக்க முடிந்தால் அப்படியே எடுத்து அதன் அடியில் காந்தம் ஒட்டுவதும் நல்ல வழி. கொஞ்சம் இடம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் தூளுக்கு அதிர்ச்சியே இல்லை.

கிரீம்: முதலில் பொருட்பட்டியலைப் படியுங்கள்

கிரீம் என்று நாம் சொல்வது ஒரே பொருள் அல்ல. டப்பாவின் பின்புறமுள்ள சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். அளவில் அதிகமானது முதலில் வரும்படிதான் அது எழுதப்பட்டிருக்கும். முதல் நான்கைந்து பெயர்கள் போதும், முடிவெடுத்துவிடலாம்.

முதல் பெயரே தண்ணீர், அதாவது அக்வா என்றிருந்தால் அது எண்ணெயும் நீரும் கலந்த குழம்பு. பேலட்டில் பரப்பி வைத்தால் நீர் ஆவியாகிப் பக்குவம் கெடும். நீர் இருக்கும் இடத்தில் நுண்ணுயிர்களும் வளரும். கையும் ஸ்பாட்டுலா என்ற தட்டையான சிறு கரண்டியும் பட்டு, காற்றும் பட்டு, அகன்ற பரப்பில் கிடக்கும் நிலையை அதிலுள்ள பாதுகாப்புப் பொருள் எவ்வளவு தூரம் தாங்கும் என்று நாம் சொல்ல முடியாது. மாற்ற வேண்டாம்.

பட்டியலின் தொடக்கத்தில் ஐசோடோடெக்கேன், சைக்ளோபென்டாசிலாக்சேன் போன்ற, எளிதில் ஆவியாகும் பொருள்களின் பெயர்கள் இருந்தால் அது நெடுநேரம் அழியாமல் நிற்கும் வகை. சின்னக் கண்ணாடிச் சிமிழில் திருகுமூடியோடு வரும் ஜெல் ஐலைனர், புருவ ஜெல், நீர் பட்டாலும் அழியாத கிரீம் ஐஷேடோ எல்லாம் பெரும்பாலும் இந்தக் குடும்பம். இமையில் பூசியதும் அந்த ஆவியாகும் பொருள் பறந்துபோய், வண்ணம் மட்டும் தோலில் பிடித்துக்கொள்ளும். அதுதான் அதன் சூட்சுமம். அதே பொருளைத் தளர்ந்த மூடியுள்ள பேலட்டில் வைத்தால் அந்தச் சூட்சுமம் பேலட்டுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். என்னிடம் ஒரு கரும்பழுப்பு ஐலைனர் இருந்தது. பேலட்டுக்கு மாற்றிய இரண்டாவது வாரம் ஓரங்கள் தட்டிலிருந்து சுருங்கி விலகின. மூன்றாவது வாரம் தூரிகை பட்டதும் ரப்பர்த் துண்டு போல மொத்தமாக எழும்பி வந்தது. இந்த வகையைச் சிமிழிலேயே விடுங்கள். வேலையின்போது தேவையான அளவை ஒரு ஸ்டீல் தகட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, சிமிழை உடனே மூடிவிடுங்கள்.

மாற்ற ஏற்றது மெழுகும் எண்ணெயும் மட்டும் சேர்ந்த வகை. லிப்ஸ்டிக், முகம் முழுக்கப் பூசும், குச்சியாக வரும் ஃபவுண்டேஷன், கன்னத்துக்கு நிறம் தரும் நீரில்லாத கிரீம் பிளஷ், தழும்பு மறைக்கும் கெட்டியான கன்சீலர் ஆகியவை. இவற்றில் ஆவியாக அதிகம் இல்லை. நீர் இல்லாததால் நுண்ணுயிர்த் தொல்லையும் குறைவு. இவற்றை மாற்றுவதால் கிடைக்கும் வசதியோ பெரிது. பத்து லிப்ஸ்டிக்குகளை ஒரே பார்வையில் பார்க்கலாம், இரண்டைக் குழைத்து மூன்றாவது நிறத்தை உருவாக்கலாம், தீரும் தறுவாயில் குழாயின் அடியில் சிக்கிக்கொண்டிருக்கும் மிச்சத்தையும் எடுத்துவிடலாம்.

இதற்கு இரண்டு வழிகள். வழித்து அழுத்துவது, அல்லது உருக்கி ஊற்றுவது.

உருக்கியதுதான் அழகு. கண்ணாடி போல மேற்பரப்பு, பார்க்கவே ஆசையாக இருக்கும். ஸ்பாட்டுலாவால் லிப்ஸ்டிக்கைத் துண்டுகளாக வெட்டிச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, கொதித்து அடங்கிய நீரின் மேல் அந்தக் கிண்ணத்தை வைத்துக் காத்திருங்கள். துண்டுகளின் விளிம்புகள் முதலில் பளபளக்கும். பிறகு அடியில் சிவப்புக் குளம் ஒன்று மெல்லப் பரவும். கடைசித் துண்டு அதில் சாய்ந்து கரைவதைப் பார்த்ததும் எடுத்துவிட வேண்டும். தட்டில் ஊற்றி அசைக்காமல் விட்டால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மங்கிக்கொண்டே வந்து உறையும். நடுவில் ஒரு சின்னக் குழி விழும், அது இயல்பு.

நீராவிச் சூடு ஏன் என்று கேட்கலாம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். கேண்டலில்லா மெழுகுக்கு ஏறத்தாழ 70 டிகிரி. கார்னோபா மெழுகுக்கு 82 முதல் 86 வரை வேண்டும். எல்லாமே நீரின் கொதிநிலைக்குக் கீழேதான். கரண்டியில் போட்டுச் சுடரில் காட்டினால் வெப்பம் எங்கேயோ போய்விடும். வாசனை கெடும், எண்ணெய் கருகும், நிறமும் மாறலாம். உலோகத் தட்டோடு மைக்ரோவேவில் வைப்பது அதைவிட ஆபத்து.

எவ்வளவு கவனமாக உருக்கினாலும் பொருள் முன்பிருந்த பொருளாக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெழுகு தன் வேகத்தில் மறுபடி படிகமாகும்போது சில லிப்ஸ்டிக்குகள் முன்பைவிடக் கெட்டியாகின்றன, சிலவற்றில் மணல் போன்ற குருணை தட்டுப்படுகிறது, சில எண்ணெய்த் துளிகளாக வியர்க்கின்றன. மினுக்கம் உள்ளவற்றில் கனமான மினுக்குத் துகள்கள் அடியில் தங்கிவிடுகின்றன. மேலே மங்கிய நிறம், அடியில் மொத்த மினுக்கமும். உறையும் தறுவாயில் கலக்கிவிட்டு ஊற்றினால் ஓரளவு தவிர்க்கலாம், முழுவதும் முடியாது.

வழித்து அழுத்துவதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மேல் படலத்தை மெல்லியதாகச் சீவி எறிந்துவிட்டு, சுத்தமான ஸ்பாட்டுலாவால் துண்டு துண்டாக எடுத்துத் தட்டில் வைத்து, அடியிலிருந்து காற்றை வெளியேற்றுவது போல ஓரங்களுக்கு அழுத்தித் தள்ள வேண்டும். கடைசியில் ஸ்பாட்டுலாவைச் சாய்த்து ஒரே இழுப்பில் மட்டம் செய்யலாம். மேற்பரப்பு கரடுமுரடாகத்தான் இருக்கும், ஓரங்களில் சின்னப் பொந்துகள் தெரியும். ஆனால் உதட்டில் பூசும்போது முதல் நாள் எப்படி வழுக்கியதோ அப்படியே வழுக்கும். பூசிக்கொள்ளப்போகும் பொருளுக்கு இதுவே முக்கியம் என்பதால் என் ஓட்டு இந்த முறைக்கே. குழாயில் ஒட்டிக்கிடக்கும் கடைசி மிச்சங்களையும், உடைந்து நைந்துபோனவற்றையும் மட்டும் உருக்குகிறேன்.

அளவு விஷயத்தில் பலர் ஏமாறுவதுண்டு. ஒரு லிப்ஸ்டிக்கில் 3 முதல் 4 கிராம் வரை இருக்கும். நான்கு மில்லிமீட்டர் ஆழமுள்ள 26 மில்லிமீட்டர் தட்டு ஏறத்தாழ 2 கிராமைத்தான் கொள்ளும். ஆகவே முழு லிப்ஸ்டிக்கையும் உருக்கிவிட்டு மீதியை எங்கே ஊற்றுவது என்று தவிக்காதீர்கள். பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு மறுபாதியைக் குழாயிலேயே விட்டுவிட்டால் வீட்டுக்கு ஒன்று, பைக்கு ஒன்று.

உலோகத் தட்டிலேயே வரும் கிரீம் பிளஷ் போன்றவற்றைத் தட்டோடு எடுக்க நினைத்தால் சூடு உதவாது. பசை இளகுவதற்கு முன்பே கிரீம் உருகி ஓடிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து இறுகச் செய்துவிட்டு, மெல்லிய கத்தியால் தூக்குங்கள். இங்கே நெம்புவது தவறில்லை. தகரம் வளைந்தாலும் கிரீம் நொறுங்காது.

எந்தப் பேலட்?

தூளுக்குக் காந்தப் பேலட்டுக்கு இணை இல்லை. ஒரு தட்டு தீர்ந்தால் எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம், நிறங்களை வேலைக்கேற்ப இடம் மாற்றலாம். ஆனால் எல்லாத் தட்டும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. தகரப் பூச்சு பூசிய இரும்புத் தட்டுகள் ஒட்டும். அலுமினியத் தட்டுகள் ஒட்டாது, அவற்றின் அடியில் மெல்லிய இரும்பு வில்லை ஒன்றை ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் பழைய பசையை ஆல்கஹாலால் துடைத்தெடுங்கள். மேடும் பள்ளமுமான பசையின் மேல் ஒட்டினால் தட்டு ஆடும். ஆடுகிற தட்டு பயணத்தில் கழன்று பக்கத்துத் தட்டின் மேல் விழும். பேலட்டை வாங்கும் முன் அதன் ஆழத்தைப் பாருங்கள். ஐஷேடோவுக்குப் போதுமான ஆழம் பெரிய பிளஷ் தட்டுக்குப் போதாமல் போவதுண்டு.

மேலே ஒளிபுகும் மூடியா, கண்ணாடியா என்றால் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒளிபுகும் மூடி. திறக்காமலே நிறம் தெரியும். தனக்குத்தானே பூசிக்கொள்பவர்களுக்குக் கண்ணாடி.

கிரீமுக்குக் காந்தம் முக்கியமில்லை, மூடியின் இறுக்கம்தான் முக்கியம். குழிகள் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் பேலட்டுகள் இதற்கு நல்லவை. குழியின் விளிம்பில் மூடி படிந்து அமர வேண்டும். கடையில் மூடித் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அவற்றை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். எண்ணெய் பிரிந்து ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு ஓடும். எப்போதும் படுக்கை வாட்டத்தில் வையுங்கள்.

தூளையும் கிரீமையும் ஒரே பேலட்டில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முழு முகத்துக்கும் ஒரே பேலட் என்பது கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் தூரிகையை ஒவ்வொரு முறை தட்டும்போதும் பறக்கும் தூள் கிரீமின் மேல் போய் அமரும். கிரீமின் எண்ணெய் தூளில் பட்டால் அந்த இடம் கண்ணாடி போல இறுகி, தூரிகைக்கு நிறமே கொடுக்காது. இரண்டு பேலட்டுகளாகவே வைத்துக்கொள்ளுங்கள். லிப்ஸ்டிக் பேலட்டிலிருந்து நேரடியாகத் தூரிகையால் எடுத்து ஒருவர் உதட்டுக்குப் பூசிவிட்டு அதே தூரிகையை மறுபடி உள்ளே விடுவதும் கூடாது. உதட்டுக் கொப்புளம் உண்டாக்கும் வைரஸ் அப்படிப் பரவக்கூடியது. மேலே ஆல்கஹால் தெளித்தால் மெழுகுக்குள் இறங்காது. ஸ்பாட்டுலாவால் தகட்டில் எடுத்து, அங்கிருந்து பூசுங்கள்.

டப்பாவை எறிவதற்கு முன்

டப்பாவோடு சேர்ந்து குப்பைக்குப் போகும் ஒன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிறத்தின் பெயர், தயாரிப்புத் தொகுதி எண், சேர்மானப் பட்டியல், திறந்த சிமிழ் படத்துக்குள் ஓர் எண்ணோடு அச்சிட்ட காலக்கெடு ஆகியவற்றைச் சொல்கிறேன். 12 என்று இருந்தால் திறந்த பிறகு 12 மாதம் என்று பொருள். முப்பது மாதத்துக்கு மேல் கெடாமல் இருக்கும் பொருள்களில் அந்தச் சின்னத்தை அச்சிட வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதி. பேலட்டுக்கு வந்ததும் இதெல்லாம் மறைந்துவிடுகிறது. எல்லாம் பெயரில்லாத வட்டங்கள்.

தொடக்கத்தில் நான் இதைப் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் ஒரு மணப்பெண்ணுக்கு உதட்டுச் சாயம் பூசப் போகும்போது, தனக்கு ஒரு வாசனைப் பொருள் ஒவ்வாது, இந்தச் சிவப்பில் அது இருக்கிறதா என்று கேட்டார். பேலட்டில் பன்னிரண்டு சிவப்புகள் இருந்தன. எனக்குப் பதில் தெரியவில்லை. பேலட்டை மூடி வைத்துவிட்டு, அவர் கைப்பையில் இருந்த அவருடைய லிப்ஸ்டிக்கையே பூசினேன். நிறம் புடவைக்குப் பொருந்தவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அன்றிலிருந்து எதைப் பெயர்ப்பதற்கு முன்பும் டப்பாவின் அடிப்பக்கத்தையும் அட்டைப்பெட்டியின் பட்டியலையும் படம் எடுத்துவிடுகிறேன். டப்பாவின் பெயர்ச்சீட்டு உரிந்து வந்தால் அதையே தட்டின் அடியில் ஒட்டுகிறேன். சூட்டில் அந்தச் சீட்டு எளிதாக உரியும், ஆல்கஹாலில் எழுத்து அழிந்துவிடும் என்பதால் சொட்டு விடுவதற்கு முன்பே உரித்து எடுத்துவிடுவேன். குழிப் பேலட்டுக்கு அடியில் காகிதம் ஒட்டி, குழிகளின் வரிசைப்படியே பெயரும் திறந்த மாதமும் எழுதி, மேலே ஒளிபுகும் நாடாவால் மூடுகிறேன். ஒரு தட்டுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.